தொட்டிச்செடிக்கும் ஒரு முகம்: லூசியன் ஃப்ராய்டின் ஓவியங்களில் செடிகளும் தனிமையும்

லூசியன் ஃப்ராய்ட் என்ற பெயரைக் கேட்டதும் கலை அறிந்தவர்களின் நினைவுக்கு வருபவை மனித உடல்கள்தாம். கிழிந்த மெத்தையிலும் வெறுந்தரையிலும் கிடக்கும் உடல்கள். அப்பியது போன்ற தடித்த வண்ணப்பூச்சு. எவ்விதச் சலுகையும் காட்டாத பார்வை. ஆனால் சிறுவயதில் தொடங்கி எண்பது வயதைத் தாண்டிய பின்னும் அவர் செடிகளை வரைந்துகொண்டே இருந்தார் என்பது பலகாலம் ஓர் ஓரச் செய்தியாகவே இருந்துவந்தது. அவருடைய நூற்றாண்டான 2022இல் லண்டன் தேசியக் கலைக்கூடம் அவருக்குப் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. அதே பருவத்தில், தேம்ஸ் நதிக்கு மறுகரையில் லாம்பெத் பகுதியின் பழைய தேவாலயக் கட்டடத்தில் இயங்கும் தோட்ட அருங்காட்சியகம், அவர் வரைந்த செடிகளை மட்டும் தொகுத்துத் தனியே காட்சிக்கு வைத்தது. அளவில் சிறியதான அந்த இரண்டாவது கண்காட்சி எழுப்பிய கேள்வியே கனமானது என்று எனக்குத் தோன்றுகிறது: மனிதர்களை இவ்வளவு நெருங்கிப் பார்த்த ஒருவருக்குச் செடிகள் எதற்காகத் தேவைப்பட்டன?

தனிமையைக் குறிக்கும் அடையாளமாகச் செடியைப் பயன்படுத்தினார் என்பது எளிதில் கிடைக்கும் விடை. ஆளில்லாத அறை, ஜன்னலோரத்தில் வாடிய செடி, அதன் பக்கத்தில் சோர்ந்த மனிதர் என்று பார்த்தால் அந்த விடை பொருந்துவது போலத்தான் தெரியும். ஆனால் ஃப்ராய்டின் படங்கள் அடையாளங்களைக் கொண்டு கட்டப்பட்டவை அல்ல. அவற்றில் உள்ள தனிமை, அவர் வேலை செய்த முறையிலிருந்தே, அதாவது மூடிய அறைக்குள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் ஒன்றையே உற்றுப்பார்ப்பதிலிருந்தே, பிறக்கிறது. அந்த முறைக்கு மனிதர்களைவிடச் செடிகள் சில வேளைகளில் நன்றாக இணங்கின.

உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் ஃப்ராய்டின் பேரனான லூசியன் 1922இல் பெர்லினில் பிறந்தார். தந்தை எர்ன்ஸ்ட் கட்டடக் கலைஞர். வீட்டுச் சுவரில் பழைய ஓவியர்களின் அச்சுப்படங்கள் தொங்கின. 1503இல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் வரைந்த புல்திட்டும் அவற்றில் ஒன்று. ஒரு பிடி புல்லையும் சில களைச்செடிகளையும் எறும்பின் உயரத்திலிருந்து பார்த்தது போல வரைந்த அந்தப் படத்தில் பூவென்று சொல்லிக்கொள்ள எதுவும் பெரிதாக இல்லை. வேர், தண்டு, ஈர மண் ஆகியவையே இருக்கின்றன. பிற்காலத்தில் ஃப்ராய்ட் வரைந்த செடிகளின் குணம் அனைத்தும் அந்தப் படத்திலேயே இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. 1933இல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அதே ஆண்டில், குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. அப்போது லூசியனுக்குப் பத்து வயது.

அவர் 1939இல் சேர்ந்த ஓவியப்பள்ளி, டெடம் என்ற ஊரில் செட்ரிக் மோரிஸ் என்பவர் நடத்திய சிறு பள்ளி. மோரிஸ் பாதி ஓவியர், பாதி தோட்டக்காரர். ஐரிஸ் பூச்செடிகளில் புதிய வகைகளை உருவாக்கியவர் என்ற பெயர் தோட்டக்கலை உலகில் அவருக்கு இன்றும் உண்டு. முன்கூட்டிக் கோட்டுருவம் எதுவும் போடாமல், கித்தானின் மேல்முனையிலிருந்து நேராக வண்ணத்தைத் தீட்டிக்கொண்டே கீழே இறங்குவது அவர் வழக்கம். அதே ஆண்டு பள்ளிக் கட்டடம் தீப்பிடித்து எரிந்துபோக, ஹாட்லி என்ற ஊரிலிருந்த பென்டன் எண்ட் என்னும் வீட்டுக்குப் பள்ளி மாறியது. ஓவிய வகுப்பும் பூந்தோட்டமும் ஒரே வேலியின் உள்ளே இருந்த இடம் அது. மோரிஸின் பூக்கள் ஒவ்வொன்றும் ஓர் ஆளைப் போலத் தனித்தன்மையோடு நிற்கும். அவர் வரைந்த மனிதர்களோ சற்று விறைப்பானவர்கள். ஆளுக்கும் பூவுக்கும் ஒரே அளவு கவனம் கொடுக்கலாம் என்பதை மாணவர் இங்கேதான் கற்றிருக்க வேண்டும். ஆசிரியரின் பூக்களை விட்டுவிட்டு அந்தக் கவனத்தை மட்டும் எடுத்துக்கொண்டார் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

போர்க்காலத்தில் ஃப்ராய்ட் லண்டனின் பேடிங்டன் பகுதியில், கால்வாய் ஓரமாக இருந்த டெலமெர் டெரஸில் குடியேறினார். அன்றைக்கு அது வறிய, குண்டுவீச்சில் சிதைந்த பகுதி. 1944இல் வரைந்த ‘ஓவியரின் அறை’ என்ற படத்தில், பஞ்சு பிதுங்கும் ஒரு சோபாவும், அதனருகே ஒரு பனையினச் செடியும், ஜன்னல் வழியே தலையை நீட்டும் சிவப்பும் மஞ்சளுமான வரிக்குதிரையும் இருக்கின்றன. இளம் வயதுக்குரிய கற்பனை விளையாட்டு அது. சில ஆண்டுகளில் வரிக்குதிரை மறைந்துபோனது. செடி மட்டும் தங்கிவிட்டது. 1946இல் நண்பர் ஜான் க்ராக்ஸ்டனோடு கிரேக்கத்தின் போரோஸ் தீவில் தங்கியிருந்தபோது எலுமிச்சையையும் ஆரஞ்சையும் முள்செடியையும் வரைந்தார். இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ள ‘முள்செடியுடன் ஒரு மனிதன்’ என்ற தன்னுருவப்படம் அந்தக் காலத்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு முள்செடி கிடக்க, அதற்கப்பால் ஓவியரின் முகம் எட்டிப் பார்க்கிறது. முகத்தைவிட முள்தான் நமக்கு அருகில் இருக்கிறது.

இந்த வரிசையில் நின்று பார்க்க வேண்டிய படம், லிவர்பூல் நகரின் வாக்கர் கலைக்கூடத்தில் உள்ள ‘பேடிங்டனில் ஓர் உள்ளறை’. 1951இல் நாடெங்கும் நடந்த பிரிட்டன் விழா என்ற தேசியக் கண்காட்சியையொட்டி அந்நாட்டுக் கலை மன்றம் அறுபது ஓவியர்களைப் பெரிய அளவுப் படங்கள் வரைய அழைத்தது. போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டுக் காலம் என்பதால் கித்தானையும் மன்றமே கொடுத்தது. அதுவரை உள்ளங்கை அகலப் படங்களையும் செய்துவந்த 28 வயது ஃப்ராய்டுக்குக் கிடைத்தது ஐந்தடி உயரக் கித்தான். வந்துசேர்ந்த படங்களில் ஐந்தை மட்டும் அரசு தலா 500 பவுண்டுக்கு வாங்கியது. ஃப்ராய்டின் படம் அந்த ஐந்தில் ஒன்று.

படத்தில் இருப்பவர் ஹாரி டைமண்ட், ஓவியரின் நண்பர். பிற்காலத்தில் புகைப்படக் கலைஞரானவர். கசங்கிய மழைக்கோட்டும் மூக்குக்கண்ணாடியும் அணிந்து, ஒரு கையில் சிகரெட்டோடு, மறு கையை முஷ்டியாக மடக்கிக்கொண்டு நிற்கிறார். அவருக்கு எதிரே, ஏறத்தாழ அவர் உயரத்துக்கு, கூரிய நீண்ட இலைகளுடன் ஒரு தொட்டிச்செடி. தரையில் சிவப்புக் கம்பளம், ஓரத்தில் சுருண்டு கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே, கால்வாய்ச் சுவரோரம் ஒரு சிறுவன் நிற்கிறான்; அவன் உள்ளே நடப்பதை அறியமாட்டான்.

இலைகளை அருகில் சென்று பார்த்தால் ஓவியரின் பொறுமை தெரியும். மெல்லிய தூரிகையால் ஒவ்வோர் இலையின் விளிம்பும் தனித்தனியாக இழுக்கப்பட்டிருக்கிறது. சில இலைகள் நல்ல பச்சை. சிலவற்றின் நுனி பழுப்பேறிக் காய்ந்திருக்கிறது. அடியில் உள்ளவை மஞ்சளித்துத் தொங்குகின்றன. டைமண்டின் கோட்டில் உள்ள மடிப்புகளும் அதே பொறுமையோடு, அதே கூர்மையோடு வரையப்பட்டவை. ஆளுக்கு ஒரு படி கூடுதல் கவனம் என்ற வழக்கமான சலுகை இங்கே இல்லை. பார்ப்பவருக்கு வரும் அமைதியின்மைக்குக் காரணமும் அதுதான் என்பேன். மனிதரும் செடியும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பது போலத் தோன்றினாலும், உண்மையில் இருவருக்கும் இடையே எதுவும் நிகழவில்லை. அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, இலையைத் தொடவில்லை, அதைப் பார்க்கிறாரா என்பதும் ஐயம். மாதக்கணக்கில் ஒரே அறையில் நிறுத்தப்பட்ட இரண்டு உயிர்கள், அவ்வளவே. மடக்கிய முஷ்டியில் கோபம் இருக்கலாம்; கால்வலியும் இருக்கலாம். நெடுநேரம் நிற்கவைக்கப்பட்ட மனிதரின் கை அது என்பதை மறந்துவிட்டு, அதில் அக்காலத்து ஐரோப்பாவின் பதற்றம் முழுவதையும் வாசிப்பவர்கள் உண்டு. அந்த வாசிப்பு தவறில்லை. ஆனால் கால்வலியையும் சேர்த்துக்கொண்டால் படம் இன்னும் உண்மையாகிறது.

வேற்று நாட்டிலிருந்து வந்து குளிர்நாட்டு அறையொன்றில் பிழைத்துக்கிடக்கும் செடி, பெர்லினிலிருந்து வந்த அகதிச் சிறுவனின் உருவகம் என்றும் சிலர் விளக்குகிறார்கள். வரலாற்றில் அதற்கு ஓர் அடிப்படை இருக்கத்தான் செய்கிறது. 19ஆம் நூற்றாண்டில், நத்தானியேல் வார்ட் என்ற லண்டன் மருத்துவர் கண்டறிந்த மூடிய கண்ணாடிப் பெட்டிகளின் உதவியால், வெப்பமண்டலச் செடிகள் கடல்கடந்து உயிரோடு வந்து சேர்ந்தன. கரிப்புகையும் எரிவாயு விளக்கும் நிறைந்த இங்கிலாந்து வீடுகளில் அவற்றில் பலவும் பட்டுப்போயின. மங்கிய வெளிச்சத்தையும் கெட்ட காற்றையும் தாங்கக்கூடிய ஆஸ்பிடிஸ்ட்ரா போன்ற சில வகைகளே நடுத்தர வர்க்கக் கூடங்களில் நிலைத்தன. ஃப்ராய்டின் அறைக்கு வந்த தொட்டிச்செடிகள் அந்தப் பேரரசுக் காலப் பழக்கத்தின் மிச்சங்களே. அவற்றை 1950களின் பேடிங்டனில் பார்ப்பது, பழைய பகட்டின் தூசி படிந்த எச்சத்தைப் பார்ப்பதாகும். இருந்தாலும் செடி அகதி, அகதி ஓவியர் என்று சமன்பாடு போட்டுவிட்டால் படத்தைப் பார்க்கும் வேலை அத்தோடு முடிந்துபோகிறது. அதனால் அந்த விளக்கத்தை ஓரளவுக்கு மேல் நான் நம்புவதில்லை.

ஃப்ராய்ட் பூக்களை அரிதாகவே வரைந்தார். வரைந்தபோதும் அவை வாடுவதில்தான் அவருக்கு ஈடுபாடு. டெவன்ஷயர் பிரபுவின் சாட்ஸ்வொர்த் மாளிகையில் 1959இல் ஒரு குளியலறைச் சுவரில் சைக்ளமென் பூக்களை வரையத் தொடங்கினார். அந்தச் சுவர் முற்றுப்பெறாமலே நின்றது. 1960களிலும் அதே பூவைச் சிறு படங்களில் தொடர்ந்தார். சைக்ளமென் நாடகத்தனமாகச் சாகிறது என்பது அவர் சொன்ன காரணம்: காம்பு கூழாகித் துவண்டு, பூ தலைகுப்புறச் சரிகிறது. பூச்செண்டு வரையும் ஓவிய மரபில் வாடுதல் என்பது நிலையாமையைப் போதிக்கும் பாடமாக இருக்கும். இவரிடம் பாடம் எதுவும் இல்லை. ஒரு தண்டு எப்படி வலுவிழக்கிறது என்பதைத் தசையும் நரம்பும் அறிந்த ஒருவரின் ஆர்வத்தோடு பார்க்கிறார்.

1950களின் நடுவில் அவருடைய கைப்பழக்கம் மாறியது. மென்மயிர்த் தூரிகையைக் கைவிட்டுப் பன்றிமுடித் தூரிகைக்கு மாறினார்; உட்கார்ந்து வரைவதை விட்டு நின்றுகொண்டு வரையத் தொடங்கினார். கூரிய விளிம்புகள் போய், வண்ணமே சதையாகத் திரளும் பாணி வந்தது. இந்த மாற்றத்துக்குப் பிறகு, 1967–68இல் வரைந்த தன்னுருவப்படம் ஒன்று வினோதமானது. கித்தானின் பெரும்பகுதியை ஒரு செடியின் நீண்ட, வளைந்து விழும் இலைகள் அடைத்துக்கொண்டிருக்க, அவற்றுக்குப் பின்னால், இலைகளைவிடச் சிறியவராக, மேலாடையில்லாத ஓவியர் காதருகே கையைக் குவித்து எதையோ உற்றுக் கேட்கிறார். கண்ணாடியில் தெரியும் பிம்பம் அது. தன்னைப் பற்றிய படத்தில் தன்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் செடியை முன்வைத்த இந்த ஏற்பாட்டில், உலகத்திலிருந்து ஒதுங்கியவரின் சோகம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒளிந்துகொண்டு வேட்டையைக் கவனிப்பவரின் உஷார்தான் தெரிகிறது. தனிமை அவருக்கு நேர்ந்த துன்பமாக இருக்கவில்லை. வேலைக்காக அவரே வலிந்து கட்டிக்கொண்ட மறைப்பு அது.

அதற்கு அடுத்து 1968–69இல் வரைந்த ‘பேடிங்டனில் பெரிய உள்ளறை’ இப்போது மாட்ரிட்டின் தைசென்-போர்னமிசா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்ததும் ஜெர்மானிய வீடுகளில் பெரிதும் விரும்பி வளர்க்கப்படுவதுமான அகன்ற இலைச் செடியொன்று, கித்தானின் நடுவில் மரம்போல் உயர்ந்து நிற்கிறது. அதன் அடியில், தரையில், ஓவியரின் மகள் இப் குழந்தையாகச் சுருண்டு படுத்திருக்கிறாள். தலைப்பில் குழந்தையும் இல்லை, செடியும் இல்லை. அறை மட்டுமே இருக்கிறது. குழந்தைகளில் பெரும்பாலோரோடு ஒரே வீட்டில் வாழாத தந்தை அவர். பிள்ளைகளில் பலருக்கு அவரோடு நேரம் செலவிடக் கிடைத்த வழி, அவருக்கு மாதிரியாக இருப்பதுதான். இதை அறிந்த பிறகு, குழந்தைக்கு மேலே அவ்வளவு பெரிதாக விரிந்திருக்கும் செடியைக் குடை என்பதா, குறுக்கே நிற்கும் தடை என்பதா என்று தீர்மானிப்பது கடினம்.

1970இல் ஃப்ராய்டின் தந்தை எர்ன்ஸ்ட் இறந்தார். அதன் பிறகு ஃப்ராய்ட் மனிதர்களை ஓரளவு ஒதுக்கிவிட்டுத் தம் வேலையறையின் ஜன்னல் வழியே தெரிந்த வீடுகளின் பின்புறத்தை வரையத் தொடங்கினார். 1970–72இல் முடிந்த அந்தப் படத்தின் கீழ்ப்பாதியில், குப்பை கொட்டிய வெற்று நிலமும் அதில் தானாக முளைத்த களைகளும் நிறைந்திருக்கின்றன. ஆள் நடமாட்டம் இல்லை. பிறகு 1972 முதல் தம் தாய் லூசியைத் தொடர்ச்சியாக வரைந்தார். கணவரை இழந்து ஆழ்ந்த மனச்சோர்வில் விழுந்த தாய், மகன் மீதிருந்த தீராத ஆர்வத்தை இழந்துவிட்டதால்தான் தம்மால் அவரை வரைய முடிந்தது என்று அவரே கூறியிருக்கிறார். கேட்கக் கொடுமையான கூற்றுதான். ஆனால் செடிகளைப் பற்றிய நம் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறெங்கும் கிடைக்காது: திருப்பிப் பார்க்காத, எதையும் கோராத ஒன்றின் முன்னால்தான் அவருடைய பார்வை முழு விடுதலையோடு இயங்கியது. மனிதர்களில் அத்தகையோர் அரியர். செடிகள் அனைத்தும் அத்தகையவை.

1977இல் ஹாலந்து பார்க் பகுதியில், கூரைச் சாளரத்தின் வழியே மேலிருந்து வெளிச்சம் விழும் புதிய வேலையறைக்கு மாறியபோது, அந்த ஒளியைப் பழகிக்கொள்ளும் வேலையாக ஒரு செடிப் படத்தைத் தொடங்கினார். ‘இரண்டு செடிகள்’ என்ற அந்தப் படம் முடிய 1980 ஆகிவிட்டது. டேட் அருங்காட்சியகத்தில் உள்ள இந்தப் படம் ஏறத்தாழ ஐந்தடி உயரமும் நான்கடி அகலமும் கொண்டது. முதலில் பார்க்கும்போது இலைகளின் ஒரு குவியல் தவிர எதுவும் புலப்படாது. கண்ணை இழுத்து நிறுத்தும் மையம் இல்லை. நின்று பார்க்கப் பார்க்க, நூற்றுக்கணக்கான இலைகளில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பது தெரியவரும். நடுவில் உள்ளவை நீலம் கலந்த பச்சையும் வெண்மையுமாகச் செழித்திருக்கின்றன. விளிம்பை நோக்கிப் போகப் போக மஞ்சளேறி, நுனி கருகி, காம்பு முறிந்து தொங்குகின்றன. இலைகளின் சிறு சிறு உருவப்படங்கள் ஏராளமாகச் சேர்ந்தது என்றே ஓவியரும் இதை விவரித்தார். சில முளைக்க, சில சாக, வளர்வதும் மங்குவதும் ஒருங்கே தெரிய வேண்டும் என்பது அவர் நோக்கம்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றிக் கலை விமர்சகர்களைவிடத் தொட்டியில் செடி வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்குள் நிற்கும் செடி வெளிச்சம் வரும் பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும். வாரத்துக்கு வாரம் புதுத் துளிர் விரியும், அடியிலை உதிரும். ஆகவே மூன்றாண்டு நீடித்த ஒரு படத்தில், முதல் ஆண்டு வரைந்த இலை மூன்றாம் ஆண்டில் அந்தச் செடியில் இருந்திருக்கவே முடியாது. நாம் பார்க்கும் செடி எந்த ஒரு நாளிலும் அவ்வாறு நின்றதில்லை. ஒரே நேரத்தில் ஒருபோதும் சேர்ந்திராத இலைகள் கித்தானில் மட்டும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. மாதிரியாக உட்கார்ந்த மனிதர்களை, அவர்களுக்கு அருகிலுள்ள தரையை வரையும்போதுகூட எழுந்துபோக விடாத ஓவியர், தம் சொல்லுக்குக் கட்டுப்படாத ஒரு மாதிரியோடு மூன்றாண்டு மல்லுக்கட்டினார். இலைகளுக்கு இடையே தெரியும் அந்த இனம்புரியாத தனித்தன்மைக்கு, ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளின் வெவ்வேறு ஒளியில் பார்க்கப்பட்டது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

வீட்டுச் செடிகளை வரையும் ஓவியர்கள் இன்றைக்குப் பலர் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் ஜோனஸ் வுட் அவர்களில் மிகப் புகழ்பெற்றவர். புகைப்படங்களை வெட்டி ஒட்டி அமைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து தட்டையான வண்ணப் பரப்புகளாக இலைகளை அவர் வரைகிறார். கண்ணுக்கு இனிய படங்கள். காலியான அறைகளும் அவற்றில் உண்டு. ஆயினும் அங்கே யாரும் எதற்காகவும் காத்திருந்ததாகத் தோன்றுவதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. தனிமையைத் தருவது காலியான அறை அல்ல, அதில் கழிந்த காலமே என்பதை இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் எளிதில் உணரலாம்.

ஃப்ராய்ட் தம் இறுதி ஆண்டுகளில் கென்சிங்டன் சர்ச் தெருவில் இருந்த வீட்டில் வாழ்ந்தார். அதன் பின்புறத் தோட்டத்தில் மூங்கிலும் பட்லியாவும் கத்தரிக்கப்படாமல் மண்டிக்கிடந்தன. 1997இல் வண்ணத்திலும், அதன் பிறகு செப்புத்தகட்டுச் செதுக்கல்களிலும் அந்தத் தோட்டத்தை வரைந்தார். தொட்டி இல்லை, மனிதர் இல்லை, வானமும் ஏறக்குறைய இல்லை. சட்டத்தின் விளிம்பு வரை இலைகளும் கிளைகளும் நெருக்கியடிக்கின்றன. பட்லியா, இடிந்த சுவர்களிலும் தண்டவாள ஓரங்களிலும் தானே முளைத்து லண்டனெங்கும் பரவிய செடி. போரில் குண்டு விழுந்த மனைகளை முதலில் மூடியவற்றுள் அதுவும் ஒன்று. தோட்டக்காரர்கள் கருணையில்லாமல் வெட்டிச் சாய்க்கும் செடியைத்தான் அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டுகளில் ஒரு பழைய கடனையும் தீர்த்தார். 1821ஆம் ஆண்டளவில் ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வரைந்த எல்ம் மரத்தின் அடிப்பகுதி, கிளையும் இலையும் இன்றிப் பட்டையை மட்டுமே காட்டும் சிறு படம். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. டெடமில் மாணவராக இருந்தபோது ஃப்ராய்ட் அதுபோல் ஒரு மரத்தடியை வரைய முயன்று, முடியாமல் விட்டுவிட்டார். டெடமும் கான்ஸ்டபிள் பிறந்து வளர்ந்த பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஊர்தான். 2002இல் பாரிஸில் கான்ஸ்டபிள் கண்காட்சி ஒன்றைத் தேர்ந்தமைப்பதில் பங்கேற்ற பின், 2003இல் தம் எண்பதாவது வயதில், அந்த எல்ம் மரத்தைச் செப்புத்தகட்டில் செதுக்கினார். இம்முறை முடித்தார். மரப்பட்டையின் வெடிப்புகளை அவர் செதுக்கியிருக்கும் விதத்துக்கும், அதே காலத்தில் முதியவர்களின் நெற்றியையும் கன்னத்தையும் செதுக்கிய விதத்துக்கும் கோட்டளவில் வேறுபாடு காண்பது அரிது.